வயித்துல தண்ணி, சிஏ-125 ஏறியிருக்கு: கேன்சர்னே முடிவு கட்டிடலாமா?

கேள்வி: பொண்ணுக்கு 19 வயசு. வயிறு வீங்குது, ஸ்கேன்ல தண்ணியும் ஓவரி பக்கம் கட்டியும் இருக்காம், சிஏ-125 480. கூகுள்ல பாத்தா ஓவரி கேன்சர்ங்குது. தூக்கமே வரல டாக்டர்.

பதில்: சிஏ-125ங்கறது ரத்தத்துல பாக்கற ஒரு புரோட்டீன் அளவு, அந்த 480ஐ கொஞ்சம் ஓரமா வைங்கம்மா. 35க்குள்ள இருந்தா நார்மல்ங்கறது சரிதான், ஆனா வயித்துக்குள்ள இருக்கற பெரிட்டோனியம்ங்கற சவ்வு எதனால புண்ணானாலும் இது ஏறும், டிபில ஏறும், கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி சதை வெளியில வளர்ற எண்டோமெட்ரியோசிஸ்ல ஏறும், பீரியட்ஸ் டைம்ல எடுத்தாக்கூட கொஞ்சம் கூடும். வயித்து டிபில நூத்துக்கணக்குல ஏறுறது சாதாரணம். இந்த வயசுல ஓவரி கேன்சர் வந்தா பெரும்பாலும் ஜெர்ம் செல் (கருமுட்டையா மாறுற செல்லுல ஆரம்பிக்கறது) வகைதான், அதுக்குப் பாக்க வேண்டியது ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்ங்கற ரத்த டெஸ்ட். அது மூணும் எடுத்தாங்களான்னு கேளுங்க. சாயங்காலமானா ஜுரம் வருதா, வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா, இதையும் மறைக்காம சொல்லுங்க.

கேள்வி: நெஞ்சு எக்ஸ்ரே கிளீன், இருமலே இல்ல. அப்புறம் எப்படி டிபி?

பதில்: வரும். வயித்து டிபில நெறைய பேருக்கு எக்ஸ்ரே சுத்தமாத்தான் இருக்கும்.

கேள்வி: தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணதுல கேன்சர் செல் இல்ல, டிபி கிருமியத் தேடற ஜீன் எக்ஸ்பெர்ட் டெஸ்ட்டும் நெகட்டிவ். ரெண்டுமே இல்லன்னு நிம்மதியா இருக்கலாமா?

பதில்: முடியாதுங்க. வயித்துத் தண்ணில கிருமி ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும், அதனால நெகட்டிவ் வந்தா டிபி இல்லன்னு அர்த்தமில்ல, கேன்சர் செல் சிக்கலங்கறதும் அப்படித்தான். அதே தண்ணில ஏடிஏங்கற என்சைம் 40க்கு மேல, லிம்போசைட்ங்கற வெள்ளணு அதிகம்னா டிபி பக்கம் சாயும், ஆனா சாயுறது வேற, உறுதி வேற. சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பாக்கற லேப்ராஸ்கோப்பி போட்டு ஒரு துண்டு சதை எடுத்துப் பாக்கறதுதான் வழி. டிபின்னா உள்ள சவ்வு முழுக்க ஜவ்வரிசி தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கும், ஆனா பரவின கேன்சரும் சமயத்துல அப்படியே தெரியும், கண்ணை நம்பி யாரும் முடிவெடுக்க மாட்டோம். இன்னொண்ணு, எடுத்த துண்டு முழுசையும் ஃபார்மலின்ல போட்டுட்டா கிருமி செத்துடும், கல்ச்சர் (கிருமிய வளத்துப் பாக்கற டெஸ்ட்) பண்ண முடியாது, ஒரு துண்டாவது சலைன்ல போகணும். தியேட்டர் அவசரத்துல இது மறந்துபோறதை நானே பாத்திருக்கேன், முன்னாடியே ஞாபகப்படுத்துங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சனைதான், வயசு 26, குழந்தை இல்ல. ஓப்பன் பண்ணி கர்ப்பப்பை, ஓவரி எல்லாத்தையும் எடுத்துடலாம்ங்கறாங்க.

பதில்: பயாப்ஸி (சதை டெஸ்ட்) ரிசல்ட் கையில இருக்கா? இல்லன்னா கையெழுத்து போடாதீங்க, கேன்சர் ஆபரேஷன் பண்ற இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஓப்பன் பண்ணியே ஆகணும்னாலும் எடுத்த துண்டை அப்பவே உறைய வெச்சுப் பாக்கற ஃப்ரோசன் செக்ஷன் வசதி இருக்கற இடத்துல பண்ணுங்க, நீங்க டேபிள்ல இருக்கும்போதே அரைமணி நேரத்துக்குள்ள பேத்தாலஜிஸ்ட் ஒரு வார்த்தை சொல்லிடுவார். ரெண்டு ஓவரியும் எடுத்தப்புறம் 'கிரானுலோமா (டிபில வர்ற சின்னச் சின்னக் கட்டி), டிபி'ன்னு வந்த ரிப்போர்ட்டோட ஒரு பொண்ணு என் முன்னாடி உக்காந்திருந்தா, அன்னிக்கு எனக்கு பேச்சே வரல.

கேள்வி: டிபின்னு உறுதியாயிடுச்சு. எவ்ளோ நாள் மாத்திரை? வீட்ல ஒட்டுமா?

பதில்: பொதுவா 6 மாசம், அரசாங்கத்துல இலவசம், சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாயும் அக்கவுண்ட்ல வரும். நுரையீரல்ல இல்லாம வயித்துல மட்டும்னா அடுத்தவங்களுக்கு ஒட்டாது, தனித்தட்டு தனிடம்ளர் எல்லாம் வேண்டாம். யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், அது ரிஃபாம்பிசின் வேலை, பயப்படாதீங்க. கண்ணு மஞ்சளானாலோ பாக்கற பொருளோட கலர் சரியா தெரியலன்னாலோ மட்டும் உடனே வாங்க. கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த ரிஃபாம்பிசின் அதோட பவரைக் குறைச்சிடும், மாத்து வழி கேட்டுக்கோங்க.