பெர்மிட்டும் பே வழக்கும்

அன்புள்ள ஐயா,

நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் இரண்டாம் வருட மாணவி. சொந்த இடம் வட்டக்கச்சி. இந்த அரையாண்டில் ஒப்பீட்டுப் பொதுச் சட்டம் ஒரு பாடம். ஜெர்மனி, இந்தியா, தென்னாபிரிக்கா, கனடா என்று நாடு நாடாகக் குறிப்பு எழுதிக் கொப்பி முடிந்துவிட்டது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா காணிப் பெர்மிட்டை (அரச காணிக்கு அரசாங்கம் தந்த அனுமதிப் பத்திரம்) எடுத்துத் தந்து, "எனக்குப் பிறகு இது யாருக்கு என்று பார்த்துச் சொல்" என்றார். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நான் மூத்தவள், அடுத்தவன் தம்பி. ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவேன். எங்கள் காணியைப் பற்றி ஒரு வரி தெரியாது. வன்னியில் இருந்துகொண்டு இதையெல்லாம் படித்து என்ன பயன்? நீங்கள் காணிக் கந்தோரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்பின் ம.,

அப்பா கேட்டதுதான் உங்கள் பாடத்தின் முதற்கேள்வி. பாடத்திட்டத்தில் அது எங்கே இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. காணிக் கிளையில் இருபத்தாறு வருடம் கோப்புச் சுமந்தவன். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த 2010இல் ஒரு தாயும் மகளும் என் மேசைக்கு வந்தார்கள். தாய் சேலைத் துணிப் பொட்டலம் ஒன்றை அவிழ்த்தார். அதற்குள் பால்மாப் பை, அதற்குள் பெர்மிட். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம் எல்லாம் போய்த் திரும்பிய கடதாசி. மடிப்புகள் அறுந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. பின்னுரித்தாளர், அதாவது காணியை அடுத்து எடுப்பவர், பெயர் எழுத வேண்டிய கூட்டில் ஒரு கோடு மட்டும். பெர்மிட்காரர் யாரையும் நியமிக்காமலே இறந்துவிட்டார்.

சட்டப்படி மனைவி உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம்; அவருக்குப் பின் மகன். மகள் மூத்தவள், தாயோடு நின்றவள். மகன் இளையவன், சுவிஸில் இருந்தான். "ஷெல்லுக்குள்ளே இதைச் சுமந்து வந்தவள் இவள் அல்லவா?" என்று தாய் கேட்டார். நான் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திறந்து காட்டினேன். ஆண்மக்கள் முதல் வரி, பெண்மக்கள் இரண்டாம் வரி. அவர்கள் எழுந்து போனார்கள். அன்று எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை. ஐப்பசியில் மழை வரும், காணி மகனுக்குப் போகும். இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன்.

அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். காணி துண்டு துண்டாகிவிடக் கூடாது, ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒருவர் என்பது சரி. அந்த ஒருவர் ஏன் மகன்? இந்தக் கேள்வியோடு உங்கள் கொப்பியைத் திறவுங்கள்.

இந்தியாவின் 13ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டம் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்கிறது. எங்கள் இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, முரண்பட்டாலும் பழைய சட்டம் செல்லும் என்கிறது. இரண்டு நாட்டிலும் வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டப் புத்தகங்கள்தான். ஒரு நாடு அவற்றை வாசலில் நிறுத்திச் சோதித்தது. மற்றது கும்பிட்டு உள்ளே விட்டது. 12ஆம் உறுப்புரையில் சமத்துவம் என்று எழுதியிருக்கிறதே என்று அந்தத் தாய் வழக்குப் போட்டிருந்தாலும், 16ஆம் உறுப்புரை குறுக்கே நின்றிருக்கும். 1978க்குப் பின் வந்த சட்டமானாலும் வழி ஒடுங்கியதுதான். மசோதா பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிக் குறித்த சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால், சட்டமான பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேட்க முடியாது.

தென்னாபிரிக்காவின் பே வழக்கு உங்கள் குறிப்பில் இருக்கும். (பேய் என்று எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள்.) கேப்டவுனுக்கு அருகே கயலிட்சாவில் ஒருவர் இறந்தார். இரண்டு சிறு பெண்பிள்ளைகள். வழக்காற்றுப்படி ஆண்வழியே உரிமை என்பதால், இறந்தவரின் தகப்பனார் வாரிசாக வந்து நின்றார். மரணச் செலவுக்கு அந்த இடத்தை விற்கப் பார்த்தார். 2004 ஒக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஆண்வழி விதியையே வெட்டியது. நீதிபதி ங்கோபோ மட்டும், வழக்காற்றை வெட்டி எறியாமல் வளர்த்தெடுக்கலாம் என்று தனியாக எழுதினார். தேசவழமை என்ற வடபகுதித் தமிழர் வழக்காற்றுச் சட்டத்துக்குள் வாழ்கிற நாங்கள் அந்தத் தனித் தீர்ப்பைத்தான் இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் அட்டவணையில் மகன், மகள் என்ற முன்பின் வரிசையை எடுத்தது 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். 87 வருடம். அதையும் செய்தது பாராளுமன்றம். நீதிமன்றத்துக்கு அந்தக் கதவே இல்லை. மகனுக்குப் போகும் என்பது மழை போன்றதல்ல, யாரோ ஒரு மேசையில் இருந்து எழுதிய வரி என்று எனக்கு உறைத்தது கயலிட்சாவைப் பற்றி வாசித்த பிறகுதான். ஓய்வு பெற்ற பின் உறைத்து யாருக்கு லாபம்?

ஒரு எச்சரிக்கை. எழுத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு இந்தியாவில் எல்லாம் சுகம் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். பம்பாய் நீதிமன்றம் 1951இல் நரசு அப்பா மாலி வழக்கில், 13ஆம் உறுப்புரை சொல்லும் சட்டத்துக்குள் மதவழித் தனிச்சட்டங்கள் அடங்காது என்று தீர்த்தது. வாசலில் காவல் இருந்தது, பக்கத்து வேலியில் நுழையப் பொட்டு இருந்தது. தமிழ்நாட்டு நூல்களை வாசிக்கும்போது இன்னொரு குழி: அவர்களுடைய உயர் நீதிமன்றம் எங்களுடையதல்ல. அவர்களுக்கு மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. எங்களுக்கு உயர் நீதிமன்றமே உச்சி.

சமஷ்டி, ஒற்றையாட்சி என்ற பெயர்ப்பலகைச் சண்டையில் மாதக்கணக்காக நிற்காதீர்கள். இந்திய அரசியலமைப்பு தன்னைச் சமஷ்டி என்று சொல்லிக்கொள்வதே இல்லை, மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் தொடங்குகிறது. ஒற்றையாட்சி என்று சொல்லப்படும் பிரித்தானியாவில் ஸ்கொட்லாந்துக்குப் பாராளுமன்றம் இருக்கிறது. பலகையை விட்டு, அரச காணி பற்றி ஒரு அதிகாரி தவறாக முடிவெடுத்தால் எந்தப் படியில் ஏறுவது என்று பாருங்கள். வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. ஐந்து நாள் கழித்து, மலையகத் தோட்டக் காணி வழக்கொன்றில், அரச காணி மாகாணத்தின் கையில் இல்லை, ஆகவே மாகாண மேல் நீதிமன்றம் அதில் ரிட் (அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) கொடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. உங்கள் பக்கத்து ஊரான இராமநாதபுரத்துக்காரர் அதற்குக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும். தமிழ்நாட்டு இராமநாதபுரத்துக்காரர் மதுரைக்குப் போனால் போதும், அங்கே உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் இருக்கிறது. ஒப்பீட்டுச் சட்டம் என்றால் எனக்கு இந்தப் பஸ் டிக்கெட் வித்தியாசம்தான் முதலில் நினைவுக்கு வரும். உங்கள் விரிவுரையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சிங்களமும் படியுங்கள். எங்கள் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டினால், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சரிசமம். தென்னாபிரிக்க அரசியலமைப்பில் ஆங்கிலம் வெல்லும். இது ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரைக்குக் காணும்.

அப்பாவின் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் கூட்டைப் பாருங்கள். பெயர் இருந்தால், அம்மா உயிரோடு இருக்கும்வரை அனுபவித்த பின், அவருக்குத்தான். வெறுமையாக இருந்தால், அவர் சுகமாக இருக்கும்போதே, பொதுமக்கள் தினமொன்றில் பிரதேச செயலகத்துக்கு அழைத்துப் போங்கள். யார் பெயரை எழுதுவது என்று அவர் முடிவெடுக்கட்டும். தம்பியையும் கூட்டிப் போங்கள். பெர்மிட்டின் போட்டோப் பிரதி இரண்டு எடுத்துவையுங்கள்.