வழக்கறிஞராக இருந்து இத்தாலியப் பிரதமரான பிரான்செஸ்கோ கிரிஸ்பி: கேள்வி பதில்

இத்தாலிய ஒன்றிணைப்பைப் பற்றிப் பேசுவோர் மாஜினி, கரிபால்டி, கவூர் ஆகிய மூவரோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். அவர்கள் கட்டிய வீட்டில் பின்னர் குடியிருந்து, சுவர்களை இடித்தும் எழுப்பியும் மாற்றியமைத்த கிரிஸ்பியைப் பற்றிக் கேட்டவர்கள் பலர் என்பதில் மகிழ்ச்சி. ஒத்த கேள்விகளை இணைத்துப் பதில் அளித்துள்ளேன்.

கேள்வி: கிரிஸ்பி எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்? அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்தவரா, பட்டம் மட்டும் பெற்றவரா?

சிசிலித் தீவின் தென்மேற்குப் பகுதியிலுள்ள ரிபேரா என்ற ஊரில் 1818 அக்டோபரில் ஒரு தானிய வணிகரின் மகனாகப் பிறந்தார். துருக்கியர் ஆட்சி பரவிய காலத்தில் அல்பேனியாவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய அர்பரேஷ் சமூகத்தைச் சேர்ந்தது அவர் குடும்பம். இச்சமூகத்தார் போப்பின் தலைமையை ஏற்றுக்கொண்டபோதிலும் கிரேக்க முறைப்படியே வழிபட்டார்கள். அவர்களுடைய குருமார்களுக்குத் திருமணத் தடையும் இல்லை. கிரிஸ்பியின் பாட்டனாரே அத்தகைய ஒரு குருதான்.

பலெர்மோவில் சட்டம் பயின்று, 1845 வாக்கில் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று வழக்காடத் தொடங்கினார். மூன்றாண்டுகள் கழித்து, 1848 ஜனவரியில் பலெர்மோவில் புரட்சி வெடித்ததும் ஊர் திரும்பிச் சிசிலி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். மறு ஆண்டு, நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஆண்ட பூர்போன் மன்னரின் படை தீவை மீட்டது. பொதுமன்னிப்பிலிருந்து விலக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பதால் மார்செய் வழியாகப் பியத்மாந்து அரசின் தலைநகரான தூரினுக்குத் தப்பிச் சென்றார். எனினும் தொழிலை அவர் விட்டுவிடவில்லை. 1861க்குப் பிறகு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்திலும் அவருக்குச் சோறு போட்டது நீதிமன்றமே. ஏனெனில் அக்காலத்து இத்தாலியில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. சொத்தில்லாத தென்னாட்டவர் ஒருவர் அரசியலில் நிலைக்க வேண்டுமானால் கைத்தொழில் ஒன்று இருந்தே தீர வேண்டும். அந்நாளைய அவையில் வழக்கறிஞர்கள் மலிந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நாடு கடத்தப்பட்ட ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்?

பெரும்பாலும் வறுமையில் எழுதிப் பிழைத்தார். தூரினுக்கு அருகிலுள்ள வெரொலெங்கோ என்ற ஊரில் நகராட்சிச் செயலர் பணிக்கு விண்ணப்பித்தார், அதுவும் கிடைக்கவில்லை. 1853 பிப்ரவரியில் மிலானில் குடியரசுவாதியான மாஜினியின் ஆதரவாளர்கள் நடத்திய எழுச்சி தோற்றபின் பியத்மாந்து அரசு அவரை வெளியேற்றியது. மால்டா, லண்டன், பாரிஸ், மறுபடி லண்டன் என்று அலைந்தார். பாரிஸிலிருந்து வெளியேற்றப்பட்டது 1858ல், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன்மீது இத்தாலியப் புரட்சியாளர் ஒர்சினி வெடிகுண்டு வீசிய நிகழ்வுக்குப் பின்.

கேள்வி: ஐயா, கரிபால்டியின் ‘ஆயிரவர்’ படையெடுப்புக்குக் கிரிஸ்பியே காரணம் என்று படித்தேன். இது மிகைதானே?

சற்று மிகை, ஆனால் அடிப்படையில்லாத மிகை அன்று. 1859ல் போலிப் பெயரிலும் போலிக் கடவுச்சீட்டிலும் சிசிலிக்குள் நுழைந்து, கிளர்ச்சிக்கான ஆட்களைத் திரட்டியவர் அவர். 1860 ஏப்ரலில் பலெர்மோவில் கிளர்ச்சி தொடங்கி நசுங்கிக்கொண்டிருந்த செய்தி வந்தபோது, கரிபால்டி புறப்படத் தயங்கினார். அவருடைய தயக்கத்தைப் போக்க வாதாடியவர்களுள் முதன்மையானவர் கிரிஸ்பி. மே 5ஆம் நாள் இரவில் ஜெனோவாவுக்கு அருகிலுள்ள குவார்த்தோவிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் மே 11 அன்று மர்சாலாவில் கரை சேர்ந்தன. மூன்று நாளில், சலேமி என்ற சிற்றூரில் கரிபால்டி சிசிலியின் சர்வாதிகாரியாக அறிவிக்கப்பட்டார்.

வழக்கறிஞரின் கைவண்ணத்தை இங்கேதான் கவனிக்க வேண்டும். துப்பாக்கி ஏந்திய ஆயிரம் பேரை வெறும் கலகக்காரர்களாக விடாமல், அவர்களுக்கு ஓர் அரசின் வடிவத்தை ஆணைகளின் வழியே அளித்தவர், அரசுச் செயலராக நியமிக்கப்பட்ட கிரிஸ்பியே. ஏழைகளின் ரொட்டிமீது விழுந்த மாவரைப்பு வரி நீக்கப்பட்டது. போரில் பங்கேற்போருக்குப் பொது நிலத்தில் பங்கு உண்டு என்று ஜூன் 2ஆம் நாள் ஆணை உறுதியளித்தது. இரண்டாவது வாக்குறுதி பெரும்பாலும் தாளோடு நின்றுவிட்டது. அதன் வட்டியைச் சிசிலி முப்பது ஆண்டுகள் கழித்து வசூலிக்க வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: மாஜினியின் சீடர் முடியாட்சியை ஏற்றது கொள்கைத் துரோகம் ஆகாதா?

மாஜினி அப்படித்தான் கருதினார். “முடியாட்சி நம்மை இணைக்கிறது, குடியரசு நம்மைப் பிரித்துவிடும்” என்று 1864ல் கிரிஸ்பி அறிவித்ததோடு இருவருடைய உறவும் முறிந்தது. என் கருத்தில் இதைப் பதவி ஆசை என்று தள்ளுவது எளிது, ஆனால் நியாயமன்று: இதற்குப் பின் முழுமையான அமைச்சர் பதவிக்காக அவர் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஒற்றுமை என்பதையே முதல் கொள்கையாகவும், ஆட்சி வடிவத்தை அதற்கான கருவியாகவும் எண்ணியவர் அவர். பிற்காலத்தில் தம்மை எதிர்ப்போரையெல்லாம் ஒற்றுமையின் பகைவர்களாகவே பார்க்கும் கேடும் இதே எண்ணத்திலிருந்துதான் முளைத்தது.

கேள்வி: இருதார மணக் குற்றச்சாட்டு பற்றிச் சொல்லுங்கள். சட்டம் அறிந்தவர் எப்படி இதில் சிக்கினார்?

சட்டம் அறிந்ததால்தான் சிக்கினார் என்றும், அதனால்தான் தப்பினார் என்றும் சொல்லலாம்.

மால்டாவில் 1854 டிசம்பரில் அவர் மணந்த ரொசாலி மோன்மாசோன், சவோய்ப் பகுதியிலிருந்து வந்த சலவைத் தொழிலாளி. எழுத்தறிவு குறைந்தவர், துணிவு மிக்கவர். 1860ல் மர்சாலாவில் கரையிறங்கியோர் பட்டியலில் இடம்பெற்ற ஒரே பெண் அவர்தாம். காலப்போக்கில் இருவரும் பிரிந்தனர். 1878 ஜனவரி 26 அன்று, உள்துறை அமைச்சராக இருந்தபோது, தமக்கு ஒரு மகளைப் பெற்றிருந்த லீனா பர்பகாலோ என்பவரைக் கிரிஸ்பி நேப்பிள்ஸில் ஓசையின்றிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். நேப்பிள்ஸ் நாளேடு ஒன்று ரொசாலியின் கதையை வெளியிட்டதும் நாடே கொந்தளித்தது. மார்ச் மாதத்தில் அவர் பதவி விலகினார்.

வழக்கில் வென்றது அவர்தாம். மால்டாவில் அத்திருமணத்தை நடத்தி வைத்த குருவுக்கு அதற்குரிய அதிகாரம் இல்லை என்பதால் அத்திருமணமே செல்லாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. இரண்டு தசாப்தம் மனைவி என்று ஊரறிய வாழ்ந்தவர், ஒரு நடைமுறைக் குறையால் சட்டத்தின் கண்ணில் யாரோ ஒருத்தியானார். தீர்ப்பு பிழையற்றதாக இருக்கலாம். அதை நாடியவரைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை.

கேள்வி: அந்த அவமானத்துக்குப் பின் எப்படிப் பிரதமரானார்?

ஒன்பது ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். 1887ல் உள்துறைக்கு அழைக்கப்பட்டார்; அவ்வாண்டு ஜூலையில் பிரதமர் தெப்ரேத்திஸ் (இவரும் சட்டம் பயின்றவரே) மறைந்ததும் அவருக்குப் பின் வந்தார். தென்னித்தாலியிலிருந்து பிரதமரான முதல் மனிதர் இவர்.

கேள்வி: அவருடைய ஆட்சியில் உருப்படியான சாதனை என்று எதைச் சொல்வீர்கள்? போரும் அடக்குமுறையும்தான் நினைவில் நிற்கின்றன.

1888 முதல் 1890 வரையிலான மூன்றே ஆண்டுகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். 1888 டிசம்பரின் பொதுச் சுகாதாரச் சட்டம், காலரா மீண்டும் மீண்டும் சூறையாடிய ஒரு நாட்டில் நோய்த் தடுப்பை அரசின் கடமையாக்கி, அதற்கென மருத்துவ அதிகாரிகளின் அமைப்பை ஊர் மட்டம்வரை கொண்டு சென்றது. உள்ளாட்சிச் சட்டம் வாக்குரிமையை விரித்தது. பெரிய நகரங்களில் மேயரை அரசு நியமிப்பதற்குப் பதிலாக மன்றமே தேர்ந்தெடுக்க வழிசெய்தது. அரசு அலுவலகத்தின் முறையற்ற ஆணையால் பாதிக்கப்பட்ட குடிமகன் முறையிடுவதற்கு அரசு ஆலோசனை மன்றத்தில் நான்காம் பிரிவு 1889ல் உருவானது. பல நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் பிடியில் இருந்த அறநிலையங்கள் 1890ல் பொதுக் கண்காணிப்புக்குள் வந்தன.

இவற்றினும் பெரிது தண்டனைச் சட்டத் தொகுப்பு. அதை வடித்தவர் நீதியமைச்சர் சனார்தெல்லி. பிரேஷாவைச் சேர்ந்த வழக்கறிஞர். 1890 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இத்தொகுப்பு மரண தண்டனையை நாடு முழுவதும் ஒழித்தது. வன்முறை கலவாத வேலைநிறுத்தத்தைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. அன்றைய ஐரோப்பாவில் இது துணிச்சலான செயல்.

கேள்வி: அப்படியானால் அதே மனிதர் சிசிலி உழவர்கள்மீது இராணுவத்தை ஏவியது ஏன்?

இக்கேள்வியைக் கேட்டவர்கள் நால்வர். கிரிஸ்பி வாழ்க்கையின் கடினமான முடிச்சும் இதுதான்.

1890களின் தொடக்கத்தில் சிசிலியில் ‘ஃபாஷி’ என்ற உழவர், தொழிலாளர் சங்கங்கள் காட்டுத்தீபோல் பரவின. பெருநிலங்களைக் குத்தகைக்கு எடுத்து உள்குத்தகைக்கு விடும் இடைத்தரகர்களின் கொள்ளை, உள்ளூர் வரிகளின் பாரம், 1888ல் பிரான்சுடன் மூண்ட சுங்கப் போரால் ஏற்றுமதி வீழ்ச்சி ஆகியன அவற்றுக்கு ஊட்டமளித்தன. சுங்கப் போரில் கிரிஸ்பிக்கே பெரும் பங்கு உண்டு. 1893 ஜூலையில் கொர்லெயோனேயில் கூடிய உழவர் தலைவர்கள் விளைச்சலில் நியாயமான பங்கைக் கோரி ஒப்பந்த வரைவு ஒன்றை எழுதினார்கள். புரட்சிப் பிரகடனம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

அவ்வாண்டு நவம்பரில், வங்கிகள் அரசியல்வாதிகளுக்கு முறைகேடாகக் கடன் கொடுத்த ஊழலால் பிரதமர் ஜொலித்தியின் அரசு கவிழ, இடையில் பதவி இழந்திருந்த கிரிஸ்பி டிசம்பரில் இரண்டாம் முறை பிரதமரானார். 1894 ஜனவரித் தொடக்கத்தில் சிசிலியில் முற்றுகை நிலை, அதாவது இராணுவச் சட்டம், அறிவிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றங்கள் அமைந்தன. நாடாளுமன்ற உறுப்பினர் தெ ஃபெலீச்சே 18 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டிக்கப்பட்டவர்களுள் ஒருவரான மருத்துவர் பர்பாத்தோ, கிரிஸ்பியின் முன்னோரைப் போலவே அர்பரேஷ் சமூகத்தவர். பிரான்சும் ரஷ்யாவும் சேர்ந்து தீவைப் பிரிக்கச் சதி செய்கின்றன என்று கிரிஸ்பி அவையில் காட்டிய ஆதாரம் போலியானது. நீதிமன்றத்தில் அத்தகைய ஆவணத்தை எதிர்த்தரப்பு நீட்டியிருந்தால், ஐந்தே நிமிடத்தில் அதைக் கிழித்துப்போட்டிருக்கக்கூடிய வழக்கறிஞர் அவர்.

மறுபக்கமும் உண்டு: அதே ஆண்டு ஜூலையில் பெருநிலங்களைப் பிரித்துச் சிறு உழவர்களிடம் நீண்டகாலக் குத்தகைக்கு அளிக்கும் மசோதாவை அவரே கொண்டுவந்தார். நிலக்கிழார்கள் அதைக் கொன்றார்கள். அடக்குமுறைக்கு அவரோடு நின்றவர்கள், சீர்திருத்தத்தில் கைவிட்டார்கள்.

கேள்வி: எத்தியோப்பியாவில் அட்வா போரில் இத்தாலி கண்ட தோல்விக்குப் பொறுப்பு அவரா, தளபதியா?

இருவரும், ஆனால் முதற்பங்கு அவருடையது. 1889 மே மாதம் எத்தியோப்பிய மன்னர் மெனலிக்குடன் செய்த உச்சாலே ஒப்பந்தத்தின் 17ஆம் விதியின் இத்தாலியப் படியை வைத்து, எத்தியோப்பியா தன் வெளியுறவை இத்தாலி வழியாகவே நடத்தக் கடமைப்பட்ட காப்புநாடு என்று கிரிஸ்பி உலகுக்கு அறிவித்தார். எத்தியோப்பியர்களின் அம்ஹாரிய மொழிப் படியில் அத்தகைய கட்டாயம் இல்லை. மெனலிக் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார்.

1895 டிசம்பரில் அம்பா அலாகியில் தோற்ற பின்னும், போதிய பணத்தை ஒதுக்காமலே வெற்றியை மட்டும் கேட்டார் கிரிஸ்பி. 1896 பிப்ரவரி 25 அன்று தளபதி பரத்தியெரிக்கு அவர் அனுப்பிய தந்தி, “இது போர் அன்று, இராணுவக் காசநோய்” என்று குத்தியது. உணவுக் கையிருப்பு தீரும் நிலையிலிருந்த பரத்தியெரி ஏறத்தாழ 17,000 பேருடன் முன்னேறினார். மார்ச் முதல் நாள், தவறான வரைபடத்தோடு மலைகளுக்கிடையே பிரிந்துபோன படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. இத்தாலிய நகரங்களில் மக்கள் “மெனலிக் வாழ்க” என்று முழங்கினார்கள். சில நாள்களில் கிரிஸ்பி பதவி விலகினார்.

கேள்வி: வங்கி ஊழலில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்றா?

நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. வங்கிகளிடம் அவர் கடன் பெற்றதும், பதவியிலிருந்தபோது அவற்றிடம் சலுகை எதிர்பார்த்ததும் மறுக்க முடியாதவை. தீவிரக் கட்சித் தலைவர் கவல்லோத்தி 1895ல் பகிரங்கமாகவே குற்றம் சாட்டினார். 1898 மார்ச்சில் அவையின் ஐவர் குழு, குற்ற வழக்குத் தொடர இடமில்லை, அரசியல் கண்டனத்துக்கு இடமுண்டு என்று முடிவு செய்தது. கண்டனம் நிறைவேறியதும் கிரிஸ்பி உறுப்பினர் பதவியைத் துறந்தார். பலெர்மோ வாக்காளர்கள் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்து ரோமுக்கு அனுப்பினார்கள். 1901 ஆகஸ்ட் 11 அன்று நேப்பிள்ஸில் இறக்கும்போதும் அவர் உறுப்பினரே.