3 பென்ஸ் வரிக்காகவா ஒரு போர்?

கேள்வி: தேயிலைக்கு 3 பென்ஸ் வரி போட்டதால் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்துப் போருக்குப் போனதாகப் படித்தேன். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வரித் தகராறுக்குச் 'சுதந்திரப் போர்' என்று எதற்கு இவ்வளவு பெரிய பெயர்? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 3 பென்ஸைக் காப்பாற்ற யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய 1773-இல் அங்கே தேயிலை விலை ஏறவில்லை, இறங்கவிருந்தது. நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. லண்டன் கிடங்குகளில் ஒன்றரைக் கோடிப் பவுண்டு எடைக்கு மேல் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் கரையேற்ற பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இங்கிலாந்தில் கட்டிய வரியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அமெரிக்காவில் தன் ஏஜென்டுகள் மூலம் கம்பெனியே நேரடியாக விற்கலாம். கடத்தல் தேயிலையோடு மலிவில் போட்டி போடலாம். ஆனால் அமெரிக்காவில் வசூலிக்கும் 3 பென்ஸ் வரியை மட்டும் எடுக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை தங்களுக்கு வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கோபம் அதில்தான்.

சரி, உரிமைத் தகராறு என்றே வைத்துக்கொள்வோம். அது போரில்தான் முடிய வேண்டுமா? வேண்டியதில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் அவர்கள் மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். லண்டன் அந்த மனுக்களை நடத்திய விதம்தான் போரைக் கொண்டுவந்தது என்பது என் உறுதியான கருத்து.

கொஞ்சம் பின்னால் போவோம். பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கை அங்கிருப்பவர்களே தரட்டும் என்று 1765-இல் முத்திரை வரி போட்டார்கள். பத்திரம், உயில், உரிமம், சீட்டுக்கட்டு, பகடை, செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் முத்திரைத் தாள் கட்டாயம். செய்தித்தாளில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங் தனி. பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. வழக்கறிஞர், வணிகர், அச்சகக்காரர் என்று ஊரில் யார் எழுதிப் பேசி மற்றவர்களைத் திரட்ட முடியுமோ, அவர்கள் தலையிலேயே லண்டன் கை வைத்தது. பிலடெல்பியாவில் 'பென்சில்வேனியா ஜர்னல்' என்ற பத்திரிகை, வரி அமலுக்கு வரும் முந்தைய நாள் தன் முதல் பக்கத்தைக் கல்லறைக் கல் போல, மண்டையோட்டுப் படத்துடன் அச்சிட்டது.

எதிர்ப்பு தாங்காமல் 1766 மார்ச்சில் வரியை ரத்து செய்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்கே இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றி, எந்த விஷயமானாலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று எழுதி வைத்தார்கள். மறு வருடமே கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலை மீது வரி வந்தது. அப்புறம் 1768-இல் பாஸ்டனுக்குப் படை வந்தது. 1770 மார்ச் 5 அன்று சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ்தான் அந்தச் சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். பெரும்பாலோர் விடுதலையானார்கள். சட்டத்தின் மேல் அந்த ஊருக்கு அப்போதும் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

இனி அந்தத் தேயிலைக் கப்பலுக்கு வருவோம். 'டார்ட்மவுத்' என்ற கப்பல் 1773 நவம்பர் 28 அன்று பாஸ்டனுக்கு வந்தது. 20 நாளுக்குள் வரி கட்டிச் சரக்கை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். சரக்கை இறக்காமல் கப்பலைத் திருப்பி அனுப்புங்கள் என்பதுதான் ஊராரின் கோரிக்கை. பிலடெல்பியாவில் அப்படித்தான் நடந்தது. பாஸ்டனில் கவர்னர் ஹட்சின்சன் மறுத்தார். தேயிலையை விற்க நியமிக்கப்பட்ட ஏஜென்டுகளில் அவருடைய இரண்டு மகன்களும் இருந்தார்கள். கெடு முடிவதற்கு முந்தைய நாளான டிசம்பர் 16 அன்று ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் கூட்ட மண்டபத்தில் காத்திருக்க, கப்பல் உரிமையாளர் கவர்னரின் வீட்டுக்கே போய்க் கடைசியாக ஒருமுறை அனுமதி கேட்டார். வெறுங்கையோடு திரும்பினார். அன்று இரவு மூன்று கப்பல்களிலிருந்து 340-க்கும் மேற்பட்ட பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் தேயிலை மிதந்து போகாமல் கப்பல் ஓரமாகவே குவிந்தது. அதையும் தள்ளிவிட வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் லண்டனில் நடந்ததை நம் ஊரில் அதிகம் யாரும் எழுதுவதில்லை. ஹட்சின்சனை நீக்கக் கோரி, பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டசபை மன்னருக்கு அனுப்பிய மனு 1774 ஜனவரி 29 அன்று மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலில் விசாரணைக்கு வந்தது. சட்டசபையின் பிரதிநிதியாக பெஞ்சமின் பிராங்க்ளின் நின்றார். 68 வயது. உலகமே மதித்த விஞ்ஞானி. பேரரசு உடையக் கூடாது என்று அதுவரை பாடுபட்டவர். குடியேற்றங்களின் உரிமைகளைக் குறைக்க வேண்டும் என்று ஹட்சின்சன் லண்டனுக்கு எழுதிய தனிப்பட்ட கடிதங்களை பாஸ்டனுக்கு அனுப்பிவைத்தது பிராங்க்ளின்தான், அதை அவரே ஒப்புக்கொண்டும் இருந்தார். அரசு வழக்கறிஞர் வெடர்பர்ன் மனுவை ஓரமாக வைத்துவிட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவரைத் திருடன் என்று வசைபாடினார். கவுன்சில் உறுப்பினர்கள் சிரித்து ரசித்தார்கள். பிராங்க்ளின் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் நின்றார். மனு தள்ளுபடியானது. தபால் துறையில் அவர் வகித்த பதவியும் பறிபோனது. மனுவைக் கொண்டு வந்தவரையே குற்றவாளிபோல நிறுத்தி அவமானப்படுத்திய பிறகு, அடுத்த மனுவை யார் நம்பிக்கையோடு எழுதுவார்கள்?

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நஷ்ட ஈடு தரும்வரை பாஸ்டன் துறைமுகத்தையே மூடினார்கள். தேயிலையைத் தொடாதவர்களும் சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டும் என்ற தண்டனை அது. மாசசூசெட்ஸின் சுயாட்சியையும் வெட்டினார்கள். மற்ற குடியேற்றங்கள் ஒதுங்கிக்கொள்ளும் என்பது லண்டனின் கணக்கு. தெற்கே இருந்து அரிசி வந்தது, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. 1774 செப்டம்பரில் ஜார்ஜியா தவிர 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடி, பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிப்பதென்று முடிவு செய்தார்கள். அதைக் கண்காணிக்க ஊருக்கு ஊர் குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் என்ன விற்கிறார்கள், யார் ஒளித்து வாங்குகிறார்கள் என்று பார்த்த அந்தக் குழுக்கள்தான் நடைமுறையில் அரசாங்கம். கவர்னர்கள் மாளிகையில் இருந்தார்கள், ஊர் குழுவின் பேச்சைக் கேட்டது. நவம்பரில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தம் பிரதமருக்கு, அடிதடிதான் இனி முடிவு செய்ய வேண்டும் என்ற பொருளில் கடிதம் எழுதிவிட்டார்.

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் எட்டு குடியேற்றவாசிகள் சுட்டுக் கொல்லப்பட்டுப் போர் தொடங்கியது. அப்போதும் அவர்கள் சுதந்திரம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜூலையில் மன்னருக்கு இன்னொரு சமாதான மனு போனது. மன்னர் அதை வாங்கவே மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என்று பிரகடனம் செய்தார். கூலிக்கு ஜெர்மன் சிப்பாய்களை அமர்த்தினார். அதுவரை 'நாடாளுமன்றம் கெட்டது, மன்னர் நல்லவர்' என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பிடிக்க ஒரு கொம்பும் இல்லாமல் போயிற்று. 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனம் மன்னரைக் குறிவைத்தே குற்றங்களை அடுக்குகிறது. எங்கள் மனுக்களுக்குத் திரும்பத் திரும்ப அநியாயமே பதிலாகக் கிடைத்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அது சுதந்திரப் போர்தான், அந்தப் பெயரை நான் விட்டுத்தர மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. அன்று அந்த நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பின அடிமை. பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பத்தியைக்கூட மற்றவர்கள் அடித்துவிட்டார்கள். மேற்கே பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறக் கூடாது என்று 1763-இல் மன்னர் போட்ட தடையும் அவர்களுடைய மனக்குறைகளில் ஒன்று. அந்தக் குறைக்கு என்னிடம் துளியும் அனுதாபம் கிடையாது.

நமக்கென்ன என்கிறீர்கள். 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும் போர் நம் கரைக்கே வந்தது. அந்த அக்டோபரிலேயே பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறு வருடம் ஹைதர் அலியின் பாதுகாப்பில் இருந்த மாஹேயையும் பிடிக்க, கொதித்துப்போன அவர் 1780-இல் ஆற்காடு நவாபின் ஆட்சியில் இருந்த, அன்று 'கர்நாடகம்' எனப்பட்ட தமிழகப் பகுதிக்குள் இறங்கி, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலப் படையை நிர்மூலமாக்கினார். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டபோது, ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்து ஐந்து மாதமாகியிருந்தது. செய்திதான் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸை 1786-இல் கவர்னர் ஜெனரலாக இங்கே அனுப்பினார்கள். அவர் 1792-இல் திப்புவைப் பணியவைத்துப் போட்ட ஒப்பந்தத்தில்தான் திண்டுக்கல்லும் சேலத்தை ஒட்டிய பாராமகாலும் கம்பெனியின் கைக்குப் போயின.