அறுபது, எழுபது வருடப் பழைய கோல்மன் கேம்ப் அடுப்பு இன்னும் எரியுமா?

பெரும்பாலும் எரியும். அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்துக் கோல்மன் கம்பெனி 1914-ல் கைவிளக்கையும் 1923-ல் கேம்ப் அடுப்பையும் கொண்டுவந்தது. ஃபோர்டின் மாடல் டி கார் வந்தபின் சாதாரணக் குடும்பங்களும் கூடாரத்தோடு கிளம்பத் தொடங்கிய காலம் அது. சரியான நேரத்தில் வந்த சரக்கு!

நம் ஊர் பம்ப் ஸ்டவ்வைப் பார்த்தவர்களுக்கு வேலை செய்யும் விதம் எளிதில் புரியும். டேங்கில் காற்றடித்தால் எரிபொருள் மேலேறும்; பர்னருக்கு மேலே போகும் குழாய் தீயில் சூடாகி அதை ஆவியாக்கும். ஆனால் இதற்கு மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, ‘ஒயிட் கேஸ்’ என்ற சுத்தமான பெட்ரோல் வகைதான். பம்ப் அழுத்தம் பிடிக்கவில்லையா? முதலில் தோல் வாஷரைப் பாருங்கள், காய்ந்து சுருங்கியிருக்கும். சில சொட்டு எண்ணெய் விட்டாலே பல நேரம் சரியாகிவிடும். அப்புறம், கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் பற்றவைக்காதீர்கள். முதல் சோதனை வெட்டவெளியில்தான்.

விளக்கு வாங்குவதாக இருந்தால் டேங்கின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். விற்பவர் சொல்லும் கதையைவிட அதை நம்பலாம். கூடவே பழைய மேண்டில் (விளக்கில் சூடாகி வெளிச்சம் தரும் வலைப்பை) வந்தால் பயன்படுத்த வேண்டாம். அந்தக் கால மேண்டில்களில் லேசான கதிரியக்கம் உள்ள தோரியம் இருந்தது.