மகன் கேட்கும் ரீப்ரீதருக்கு சேமலாப நிதியைக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 30 வருஷம் கொழுந்து எடுத்தேன். வேலையை விட்டதும் சேமலாப நிதி 13 லட்சம் கைக்கு வந்தது. மகன் நிலாவெளியில் வெள்ளைக்காரர்களுக்கு டைவிங் சொல்லிக்கொடுக்கிறான். சீசனில் மாதம் ஒரு லட்சம் வரும், மற்ற மாதங்களில் பாதிகூட வராது. ரீப்ரீதர் என்றொரு மெஷின் செகண்ட் ஹேண்டாக 15 லட்சத்துக்குக் கிடைக்கிறதாம். இந்தச் சல்லியைக் கொடுத்து, குறைக்கு என் நகையை அடகு வைத்தால் வாங்கலாம், 2 வருஷத்தில் திருப்பித் தருகிறேன் என்கிறான். அது என்ன மெஷின் என்றே எனக்கு விளங்கவில்லை. கொடுக்கலாமா ஐயா?

பதில்: அம்மா, இந்தப் பணத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். மகனின் ஆசையில் தப்பில்லை. ஆனால் அது கடன்பட்டு வாங்கக் கூடிய பொருள் இல்லை. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் உங்களுக்கே விளங்கும்.

நாம் இழுக்கும் காற்றில் 21 வீதம் ஒட்சிசன். வெளியே விடும் மூச்சிலும் ஏறக்குறைய 16 வீதம் மிச்சமிருக்கும். சாதாரண சிலிண்டரோடு இறங்குபவர் அந்த மிச்சத்தைக் குமிழியாகக் கடலில் விட்டுவிடுகிறார். ஆழம் கூடக் கூட இந்த விரயமும் கூடும்: 10 மீற்றரில் இரண்டு மடங்கு, 30 மீற்றரில் நாலு மடங்கு. ரீப்ரீதர் அந்த மூச்சை வெளியே விடாமல் பிடித்துச் சுத்தம் பண்ணி, உடம்பு எடுத்துக்கொண்ட ஒட்சிசனை மட்டும் ஒரு சின்னச் சிலிண்டரிலிருந்து நிரப்பித் திரும்பவும் கொடுக்கிறது. உடம்பு எடுப்பது நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவுதான், எவ்வளவு ஆழம் போனாலும் அது பெரிதாக மாறாது. அதனால் சின்னச் சிலிண்டரே சில மணி நேரத்துக்குப் போதும்.

மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சுத்தம் பண்ணுவது சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊதினால் பால் மாதிரி வெளுக்குமே, அதே வேலைதான். நீங்கள் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கு நெருங்கிய சொந்தம் இது; சோடா லைம் என்பார்கள். திருகோணமலையில் ஒரு டைவர் அதை நிரப்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைக் குருணையைக் கொஞ்சம் கொட்டுவார், டப்பாவின் பக்கத்தில் தட்டுவார், திரும்பக் கொட்டுவார், திரும்பத் தட்டுவார். கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. குருணைக்கு நடுவில் இடைவெளி விட்டால் மூச்சு அந்த வழியாகச் சுத்தமாகாமலே ஓடிவிடும். காபனீரொட்சைட்டு ஏறி, கடலுக்கடியில் தலை கிறுகிறுத்துவிடும்.

இப்போது விலைக்கு வருவோம். புதிய மெஷின் பெரும்பாலும் 8,000 முதல் 12,000 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் 24 லட்சத்திலிருந்து 36 லட்சம். அந்தக் கணக்கில் 15 லட்சம் மலிவாகத்தான் தெரியும். ஆனால் இந்த மெஷினுக்கு மொடலுக்கு மொடல் தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். முதல் கட்டத்துக்கே ஆயிரம் டொலருக்கு மேல் போகும். மெஷின் நின்றுபோனால் மேலே வர, தனிச் சிலிண்டரும், அதிலிருந்து மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரும் வேண்டும். ஒருமுறை நிரப்ப இரண்டு, இரண்டரை கிலோ சோடா லைம். அது மூன்று மணி நேரம் அளவில் தீர்ந்துவிடும், பிறகு கொட்டிவிட வேண்டும். வெளிநாட்டு விலைக்கே ஒரு தடவைக்கு 20 டொலர் வரும். ஒட்சிசன் அளவைப் பார்க்க மூன்று சென்சர்கள் இருக்கும். ஒன்று 100 டொலர் அளவில் வரும். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் மாற்ற வேண்டும். எல்லாமே டொலர். 2022இல் இரண்டே மாதத்தில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது உங்கள் வீட்டுக் கடைக் கணக்குக்கே தெரியும்.

எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். மாதக் கட்டு கழுத்தை நெரிக்கும்போது மனுஷன் எங்கே மிச்சம் பிடிப்பான்? சோடா லைமை இன்னொரு டைவுக்கு வைத்துக்கொள்வான், காலாவதியான சென்சரை இன்னும் ஒரு சீசன் ஓட்டுவான். சென்சர் பொய் சொன்னால், ஒட்சிசன் குறைவது மூச்சில் தெரியாது. மூச்சு முட்டாது, நெஞ்சு அடைக்காது, அப்படியே மயக்கம் வரும். தண்ணீருக்குள் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மெஷின் சம்பாதித்துத் தருமா? 15 லட்சத்தை 24 மாதத்தில் அடைக்க மாதம் 62,500. கிழக்கில் சீசன் வருஷத்தில் ஆறு மாதம் அளவுதான். அந்த மாதங்களில் மட்டும் கட்டுவதானால் ஒன்றேகால் லட்சம் வேண்டும், அவனுடைய முழு வருமானமே அவ்வளவு இல்லை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவைச் சுற்றி ஆழமில்லாத இடத்தில் புதியவர்களை இறக்க இந்த மெஷின் தேவையும் இல்லை. மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மாதிரி இடங்களுக்குத்தான் இது தேவைப்படும். அது 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. சாதாரண சிலிண்டர் ஒன்று அங்கே 20 நிமிடம்கூடத் தாங்காது. அந்த ஆழத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் தகுதியை மகன் முதலில் எடுக்க வேண்டும். அப்புறம்தான் மெஷின்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். 13 லட்சத்தில் ஒரு லட்சத்தைக் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை வங்கியில் மூன்று நிலையான வைப்பாகப் பிரித்துப் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் வருஷ வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவு என்பதால் சுய பிரகடனப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள்.

மகன் சீசனில் மாதம் 30,000 எடுத்து வைக்கட்டும். இரண்டு சீசனில் முதல் பயிற்சிக்கான காசு சேரும். வேலை செய்யும் இடத்து முதலாளி மெஷின் வாங்கி, இவன் அதில் வேலை பார்ப்பது இன்னும் நல்லது. கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயுள் காப்புறுதி இருந்தால், அதில் டைவிங்கை விலக்கியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு அவன் போன் எடுத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த 15 லட்ச மெஷினின் சென்சர்களில் என்ன திகதி அடித்திருக்கிறது? பதிலை எனக்கும் எழுதுங்கள்.