அமிகா, அட்டாரி எஸ்டி காலத்து 3டி மென்பொருள்களில் உண்மையில் எது முன்னால் நின்றது?

அமிகாவும் அட்டாரி எஸ்டியும் எண்பதுகளின் வீட்டுக் கணினிகள். பழைய கணினிப் பத்திரிகைகளில் வந்த அவற்றின் படங்களைப் பார்த்துவிட்டு, ‘அந்தக் காலத்தில் ஸ்கல்ப்ட் 3டிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததா? வீடியோஸ்கேப், கேட்-3டி எல்லாம் அதற்கு ஈடாகுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு படம் வேண்டுமென்றால் ஸ்கல்ப்ட். அந்தப் படம் நகர வேண்டுமென்றால் வீடியோஸ்கேப். என் ஓட்டு வீடியோஸ்கேப்புக்குத்தான். காரணம் நேரம்.

1990இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது அமிகா 500 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 7 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68000 செயலி, 1 எம்பி நினைவகம், ஹார்டு டிஸ்க் கிடையாது. ஸ்கல்ப்டும் வீடியோஸ்கேப்பும் அதில் பழகியவை. கேட்-3டியை அறைத் தோழனின் எஸ்டியில் பார்த்தேன்.

ஸ்கல்ப்ட் வருவதற்கு முன்பே அதன் புகழ் வந்துவிட்டது. 1986இல் எரிக் கிரஹாம் தாமே எழுதிய ரே டிரேசரை (ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரையும் நிரலை) வைத்து, கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஓர் உருவத்தை அமிகா திரையில் ஆடவிட்டார். அதுதான் ‘ஜக்லர்’. உருவத்தின் தலை, கை, கால் எல்லாமே கோளங்கள். மொத்தம் 24 ஃபிரேம்தான், அதாவது 24 தனிப் படங்கள். ஒவ்வொன்றையும் கணக்கிட ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடைசி ஃபிரேம் முதல் ஃபிரேமோடு பொருந்திப் போவதால், பார்ப்பவருக்கு அவன் ஓயாமல் பந்து போடுவதாகவே தோன்றும். வீட்டுக் கணினியில் பந்தின் மேல் தரையின் கட்டங்கள் வளைந்து தெரிவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மறு ஆண்டே அவர் எழுதிய ஸ்கல்ப்ட் 3டியை பைட் பை பைட் நிறுவனம் வெளியிட்டது.

அதில் மாடலிங் செய்வது, அதாவது பொருளின் வடிவத்தை உருவாக்குவது, இன்றைக்கும் அந்நியமாக இருக்காது. மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று ஜன்னல்கள். புள்ளி வைக்க வேண்டும், புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும், மூன்று கோடு சேர்ந்தால் ஒரு முகம். எல்லாமே முக்கோணங்கள். விளக்கை வைத்து, கேமராவை வைத்து, ரெண்டர் கொடுத்துவிட்டு, அதாவது படத்தைக் கணக்கிட்டு வரையச் சொல்லிவிட்டு, படுக்கப் போகலாம்.

படுக்கப் போவது என்று சொல்வது பேச்சுக்கல்ல. ஒரு முறை விளக்கைச் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மேலிருந்து பார்க்கும் ஜன்னலில் இரண்டும் ஒட்டினாற்போல் இருந்ததால் தெரியவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் கன்னங்கரேல் என்று ஒரு படம். அதற்குப் பிறகு சின்ன அளவில் ஒரு முறை ரெண்டர் செய்து பார்க்காமல் பெரிய படத்தைத் தொட்டதில்லை.

இந்த வேகத்தில் அனிமேஷன் என்றால்? ஃபிரேமுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு நொடிப் படத்துக்கு 25 மணி நேரம். பத்து நொடிக்குப் பத்து நாளுக்கு மேல். கிரஹாம் 24 ஃபிரேமோடு நிறுத்தி அதையே சுற்றவிட்டதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

(பத்திரிகையில் அச்சான படங்களை வைத்து ஸ்கல்ப்டின் தரத்தை அளக்காதீர்கள். திரையில் அது ஹாம் (HAM) எனும் அமிகாவின் நிறம் காட்டும் முறையில் வந்தது. 4096 நிறமும் ஒரே திரையில் கிடைக்கும். ஆனால் ஒரு புள்ளி, 16 நிறத் தட்டிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும், இல்லையென்றால் இடப்பக்கப் புள்ளியின் நிறத்தை வாங்கி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பந்தின் விளிம்பை உற்றுப் பார்த்தால் வேண்டாத நிறம் கசிந்து நிற்கும்.)

ஆலன் ஹேஸ்டிங்ஸ் எழுதி 1987இல் ஏஜிஸ் வெளியிட்ட வீடியோஸ்கேப்பில் நிழல் இல்லை, பிரதிபலிப்பு இல்லை. தட்டையாக நிறம் பூசிய பாலிகான்கள் (பலகோணங்கள்), அவ்வளவுதான். தூரத்தில் இருப்பதை முதலில் வரைந்து, அருகில் இருப்பதை அதன் மேல் வரையும். இரண்டு பரப்புகள் நெருங்கிக் கிடந்தால் வரிசை தடுமாறி, பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடும். மாடலும் வெறும் எழுத்துக் கோப்புதான். கனசதுரம் வேண்டுமா? முதல் வரியில் 3DG1, அடுத்த வரியில் 8 என்று எழுதுங்கள். அடுத்த எட்டு வரிகளில் எட்டு மூலைகளின் எக்ஸ், ஒய், இசட். பிறகு ஆறு பக்கங்களுக்கு ஆறு வரிகள்: ‘4 0 1 2 3 15’ என்றால் நான்கு மூலைகள், அவை 0 முதல் 3 வரையிலான புள்ளிகள், கடைசி எண் நிறம். நான் கணக்கு நோட்டின் கட்டத் தாளில் வரைந்து, எண்களை எண்ணி எண்ணித் தட்டி ஒரு படகு செய்தேன்.

ஆனால் என் படகின் ஒரு ஃபிரேம் சில நொடியில் வந்து நின்றது! மாலையில் பாதை எழுதி, இரவு சாப்பாட்டுக்குள் ஓட்டிப் பார்த்து, திருப்பம் சரியில்லை என்றால் அன்றைக்கே திருத்த முடிந்தது. அசைவைக் கற்றுக்கொள்ள அது ஒன்றுதான் வழி: செய்ததை உடனே பார்க்க வேண்டும். ஸ்கல்ப்டில் நான் ஒளியைக் கற்றேன், அசைவை வீடியோஸ்கேப்பில்தான் கற்றேன்.

பின்னால் நடந்ததும் இதையே சொல்கிறது. ஹேஸ்டிங்ஸும், மாடலர் 3டி எழுதிய ஸ்டூவர்ட் ஃபெர்குசனும் சேர்ந்து உருவாக்கிய லைட்வேவ் என்ற 3டி மென்பொருள், 1990இல் நியூடெக்கின் வீடியோ டோஸ்டர் என்ற அமிகா வீடியோ சாதனத்தோடு வந்தது. 1993இல் வந்த பாபிலோன் 5 தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டப் படத்தின் விண்கலங்களை அமிகாக்களில் லைட்வேவ் வைத்துத்தான் செய்தார்கள்.

அட்டாரிப் பக்கம் கேட்-3டியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். டாம் ஹட்சன் எழுதியது, 1986இல் ஆன்டிக் வெளியிட்டது. திரையில் 16 நிறம்தான். மாடலிங்கில் மட்டும் அது ஸ்கல்ப்டைவிட எனக்குக் கைக்கு வசமாக இருந்தது. பாதி வெளிக்கோட்டை வரைந்து சுழற்றினால் கிண்ணம். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் துளை. கண்ணில் மாட்டும் திரவப் படிகக் கண்ணாடியை எஸ்டியின் கார்ட்ரிட்ஜ் துளையில் செருகினால் இரு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டி ஆழமும் தெரியவைத்தது. அதே ஹட்சன்தான் கேரி யோஸ்டின் குழுவில் சேர்ந்து, ஆட்டோடெஸ்க் 1990இல் வெளியிட்ட 3டி ஸ்டூடியோவை எழுதியவர். இன்றைய 3டிஎஸ் மேக்ஸின் முன்னோர் அது.

அமிகாவின் மற்ற 3டி மென்பொருள்களில் டர்போ சில்வரும் அதற்குப் பின் வந்த இமேஜினும் திறமையானவை. ஆனால் இமேஜினில் ஒரு வேலைக்கு நான்கைந்து எடிட்டர்களுக்குள் போய்வர வேண்டும், பழகவே மாதங்கள் ஆகும். பின்லாந்தின் ரியல் 3டியில் கோளம் என்றால் முக்கோணங்களின் கூட்டமல்ல, உண்மையான கோளம். எவ்வளவு அருகே போனாலும் விளிம்பு உடையாது.

எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல் நடிக்கும் இன்றைய மென்பொருளில்) முயன்று பார்ப்பதாக இருந்தால் வீடியோஸ்கேப்பில் தொடங்குங்கள், மேலே சொன்ன கனசதுரம் போதும். ஸ்கல்ப்டைத் திறக்கும்போது செயலி வேகத்தை அசல் 68000 அளவிலேயே வையுங்கள். ஒரு பந்து, ஒரு கட்டத் தரை, ஒரு விளக்கு. இரவு ரெண்டர் கொடுத்துவிட்டுத் தூங்கி, காலையில் வந்து பாருங்கள்.