பரிந்துரைக் கடிதம் கைக்கு வந்த பிறகு: பல் சிகிச்சை கேள்வி-பதில்

கேள்வி: அம்மாவிடம் மெர்டேக்கா அட்டை (சிங்கப்பூரில் மூத்தோருக்கான அரசு மருத்துவச் சலுகை அட்டை) இருக்கிறது. தாடைக்குள் புதைந்த கடைவாய்ப்பல்லை எடுக்க, தனியார் பல் மருந்தகம் ஒன்று தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குக் கடிதம் தந்திருக்கிறது. அப்படியே போய்விடலாமா? (தோ பாயோ வாசகி)

பதில்: முதலில் அந்த மருந்தகம் சாஸ் (CHAS) திட்டத்தில், அதாவது தனியார் மருந்தகங்களில் அரசு மானியம் தரும் திட்டத்தில், இருக்கிறதா என்று கேளுங்கள். சாஸ் மருந்தகமோ அரசாங்கப் பலதுறை மருந்தகமோ (பாலிகிளினிக்) அனுப்பினால்தான் மானியக் கட்டணம். இல்லையென்றால் தனியார் கட்டணம்தான். இது நிலையம் இருக்கும் ஊட்ரம் வரை போன பிறகு தெரிய வேண்டாம். மானியத்தில் போகிறவர்கள் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அறுவை சிகிச்சை என்பதால் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம்.

அப்புறம், கடிதத்தைப் படித்துப் பாருங்கள். "மேல் சிகிச்சைக்கு" என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பல் (கீழே இடப்பக்கக் கடைசிப் பல்லுக்கு 38 என்று எண் போடுவோம்), எக்ஸ்ரே எடுத்த தேதி, அம்மா சாப்பிடும் மருந்துகள், மூன்றும் இருக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"தேதிக்கு நான் அழைக்கணுமா, அவர்கள் அழைப்பார்களா?" என்றும் கேட்டுவிடுங்கள். எங்கள் பல் மருந்தகத்தில் கடிதம் வாங்கிப் போன ஓர் அம்மா, நாலு மாதம் கழித்து அதே கடிதத்தோடு முகம் வீங்கி வந்தார். கைப்பையிலேயே இருந்து மடிப்பில் மை அழிந்திருந்தது. அழைப்பு வரும் என்று காத்திருந்தாராம். அவருக்கு எடுத்துச் சொல்லாதது எங்கள் தவறு. இப்போது கடிதம் கொடுத்த இரண்டாவது வாரமே நான் போன் செய்து, தேதி கிடைத்ததா என்று கேட்டுவிடுகிறேன்.

கேள்வி: வேர் சிகிச்சை பாதி முடிந்து, தற்காலிகமாக அடைத்திருக்கிறார்கள். வலி இல்லை. இரண்டு மாதம் திருச்சி போய் வந்து முடித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த அடைப்பு சில வாரங்களுக்குத்தான். கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும், பல்லும் உடையலாம். பயணத் தேதியை இன்றே மருந்தகத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். பல் பிடுங்குவதற்கு முன் நிறுத்தணுமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. பல் மருத்துவர் தேவைப்பட்டால் இதய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வார். எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறாரா என்றும் பாருங்கள். ஊசியை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆறாமல் போக அது காரணமாகலாம். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள்.

கேள்வி: வெற்றிலை போடும் பாட்டிக்குக் கன்னத்தின் உள்ளே ஒரு புண். மூன்று வாரமாகிறது. வலி இல்லை என்கிறார்.

பதில்: வலி இல்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். பாக்கு வாய்ப் புற்றுநோயை வரவழைக்கக்கூடியது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டியே ஆகவேண்டும். இந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிப்போய், சிறப்பு மருத்துவருக்கு அவர் தரும் கடிதத்தில் "அவசரம்" என்று எழுதச் சொல்லுங்கள். தேதி தள்ளிக் கிடைத்தால் பேசாமல் இருக்காதீர்கள். கடிதம் தந்த மருத்துவரிடமே திரும்பிப் போய், அவரையே அங்கே பேசச் சொல்லுங்கள்.